ஜார்ஜ் கந்தூரி

ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குவதற்காகப் பதினேழு நிமிடம் கார் ஓட்டிப் போய், பதினேழு நிமிடம் கார் ஓட்டித் திரும்பி வந்த ஒரு சனிக்கிழமையன்றுதான் நெய்னா முகம்மது அந்த முடிவை எடுத்தார். வருகிற ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி அவர் இங்கிலீஷ்காரராகிவிடுவது.

சட்டப்படி பார்த்தால் அவர் ஏற்கெனவே இங்கிலீஷ்காரர்தான். நாகூரில் பிறந்தவர். லண்டனை ஒட்டிய குராய்டனில் பதினோரு வருடம் குப்பை கொட்டினார். அங்கே ராணியம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மூன்று, அலமாரியில் பத்திரமாக இருந்தன. அப்புறம் கம்பெனி அவரை டெக்சாஸுக்கு அனுப்பியது. ஏழு வருடமாக ஃபிரிஸ்கோ வாசம். வீடு பெரிது. கராஜ் பெரிது. வானம் ரொம்பப் பெரிது. மனிதர்கள்தான் கண்ணில் படவில்லை. எல்லோரும் காருக்குள் இருந்தார்கள்.

மார்ச் கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் ஒரு வேலை காலி. குடும்பத்தோடு வரலாம். விருப்பம் இருந்தால் சொல்லவும். நெய்னா முகம்மதுவுக்குப் படித்த மாத்திரத்தில் மூக்கில் மழை வாசனை அடித்தது. ரயிலுக்கு நடந்து போகலாம். கடைக்கு நடந்து போகலாம். பள்ளிவாசலுக்கு நடந்து போகலாம். வழியில் யாராவது ஒருத்தர் நின்று, இன்றைக்கு மழை எப்படி என்று கேட்பார். உடனே சம்மதம் என்று எழுதக் கை துறுதுறுத்தது.

ஆனால் வீட்டில் சுலைகா இருந்தாள்.

குராய்டனில் பால் வாங்கக்கூடத் தனியாகப் போகாதவள் சுலைகா. இங்கே வந்துதான் கார் ஓட்டக் கற்றாள். பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி பார்மசிஸ்ட் ஆனாள். ஃப்ரீவேயில் எண்பது மைலில் போகிறவளைக் கையைக் காட்டி நிறுத்தி, வா, மறுபடி மழையில் நிற்கலாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. மகள் நதாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றக் குழுவில் இருக்கிறாள். அவளிடம் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, நேராகக் கேட்பதில்லை என்று தீர்மானித்தார். முதலில் இங்கிலாந்தின் மேல் ஆசையை ஊட்டுவது. ஆசை முற்றின பிறகு மெயிலைக் காட்டுவது. ஆசை ஊட்டுவதற்கு அந்த நாட்டின் காவல் புனிதருடைய திருநாளைவிட நல்ல நாள் எது?

"சுலைகா, இருபத்துமூணு வியாழக்கிழமை செயின்ட் ஜார்ஜ் டே. நம்ம தேசியத் திருநாள். இந்த வருஷம் வீட்ல கொண்டாடுறோம்."

"நம்மன்னா யாரு மச்சான்?"

"நீ, நான், நதா. மூணு பாஸ்போர்ட்."

"குராய்டன்ல பதினோரு வருஷம் இருந்தோமே, அங்க அந்த நாள் வரவே இல்லையா?"

"வந்துச்சு. நாமதான் கவனிக்கல."

"நல்லாவே கவனிச்சோம். அன்னிக்குத்தான் பப் வாசல்ல அந்தச் செவப்புச் சிலுவைக் கொடிய கட்டியிருப்பான். நீங்க நதாவோட ஸ்ட்ரோலர அப்படியே திருப்பிக்கிட்டு ரெண்டு தெரு சுத்தி வீட்டுக்கு வருவீங்க."

நெய்னா முகம்மது இதை எதிர்பார்க்கவில்லை. "வெளிநாட்டுக்காரனே வெளிய போன்னு கத்துனவங்க அதத் தூக்கிட்டுத் திரிஞ்சா அது அவங்க தப்பு. கொடி என்ன பண்ணும்?" என்றார்.

"சரி" என்றாள் சுலைகா.

அவ்வளவுதான்.  பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் சுலைகா ஒரே சொல்லில் 'சரி' சொன்ன சந்தர்ப்பங்களை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் நினைக்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த நதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "வாப்பா, ஹீ நெவர் ஈவன் வென்ட் டு இங்லண்ட்!"

அவள் சொன்னது உண்மைதான். புனிதருடைய வாப்பா இன்றைய துருக்கிப் பக்கத்துக்காரர் என்றும், உம்மா பாலஸ்தீனத்துக்காரி என்றும் சொல்கிறார்கள். ரோமாபுரிப் பட்டாளத்தில் வேலை. டிராகனைக் கொன்றதாகக் கதை. இங்கிலாந்தில் கால் வைத்ததாகக் கதைகூட இல்லை.

"அப்ப இவரு அந்த ஊர்க்காரரே இல்லையா?" என்றாள் சுலைகா. "விசா இல்ல, இன்டர்வியூ இல்ல, நேரா காவலர் வேலை குடுத்துட்டாங்களா?"

"ஜார்ஜியா, எத்தியோப்பியா, போர்ச்சுகல், அங்கெல்லாம்கூட அவருதான்" என்று நதா இங்கிலீஷில் அடுக்கினாள்.

"அடேயப்பா. ஒரே ஆளு எத்தனை எடத்துல வேலை பார்க்குறாரு! உங்க ஆபீஸா இருந்தா மூன்லைட்டிங்குன்னு சீட்டைக் கிழிச்சிருப்பாங்க மச்சான்."

நெய்னா முகம்மது கலங்கவில்லை. "நம்ம ஆளுங்கள்லயும் சில பேர் அவரை ஹிள்ரு நபின்னு சொல்லி அந்தப் பாலஸ்தீனப் பக்கம் அவரு தலத்துக்கு ஜியாரத் போறாங்களாம். நான் ஒண்ணும் கும்பிடப் போறதில்ல. மரியாதை பண்றேன். நாகூர் தர்காவுல கந்தூரித் திருவிழாவுக்குக் கொடி ஏறுனா என்ன ஆகும்? ஊரே ஒண்ணாகும். எந்தச் சாதி, எந்த மதம்னு யாராச்சும் கேப்பாங்களா? இதுவும் அது மாதிரிதான். இங்கிலாந்தோட கந்தூரி."

சுலைகா கீரையை ஆய்ந்துகொண்டே தலைநிமிராமல் சொன்னாள். "நாகூர்ல கொடி ஏறுனா சோறு போடுவாங்க. குராய்டன்ல கொடி ஏறுனா நாம கதவச் சாத்துனோம்."

 தோற்கும்போது எப்போதும் செய்வதையே நெய்னா முகம்மது செய்தார். போனை எடுத்து, மூன்றடிக்கு ஐந்தடியில் கொடி ஒன்று ஆர்டர் பண்ணினார்.

விழா என்றால் விருந்தாளி வேண்டும். அசல் இங்கிலீஷ்காரராக இருந்தால் சிறப்பு. அதிர்ஷ்டவசமாக அடுத்த வீட்டிலேயே ஒரு ஜோடி இருந்தது. கீத் டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். மனைவி ஷீலா. இரண்டு பேரும் லங்காஷயரில் ஒரே ஊரில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நெய்னா முகம்மது வேலிக்கு மேல் தலையை நீட்டி, இருபத்துமூன்றாம் தேதிச் சாயங்காலம் செயின்ட் ஜார்ஜ் டே விருந்து என்று அழைத்தார்.

கீத் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார். "ஓ, அது இருபத்துமூணாம் தேதியா வருது?" என்றார்.

நெய்னா முகம்மதுவுக்கு நெஞ்சில் குத்தியது போல இருந்தது. "என்ன கீத், உங்க தேசியத் திருநாள் உங்களுக்கே தெரியாதா?"

"செயின்ட் பேட்ரிக் டே தெரியும். அன்னைக்கு லீவு போடாமலே எல்லாரும் குடிப்பாங்க. நம்ம ஆளு ஜார்ஜ் பாவம், அவருக்கு லீவும் இல்லை, குடியும் இல்லை. சின்ன வயசுல சாரணர் படையில ஊர்வலம் போனேன். மழை. சாக்ஸ் ரெண்டும் நனைஞ்சுபோச்சு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆட்டுக்கறி உண்டா? சுலைகா செய்யுறதா? அப்படின்னா நான் தேசபக்தன்."

வியாழக்கிழமை வந்தது. நெய்னா முகம்மது அரை நாள் லீவு போட்டார். ஏணி போட்டு ஏறி, கராஜ் கதவுக்கு மேலே கொடியைக் கட்டினார். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. ஏப்ரல் மாத டெக்சாஸ் காற்று அதை அடி அடி என்று அடித்தது. இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தார். குராய்டனில் இதைப் பார்த்தால் கால் தானாகத் திரும்பும். இப்போதும் ஓர் அடி பின்னால் போனது. பழக்கதோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. நாலு வீடு தள்ளி இருக்கும் பர்வதம் ஆன்ட்டி.

"என்ன நெய்னா, கேம்ப் எத்தனை மணிக்கு?"

"என்ன கேம்ப் ஆன்ட்டி?"

"பிளட் டொனேஷன்தானே? ரெட் கிராஸ் கொடி கட்டிருக்கே. சுலைகா பார்மசி மூலமா ஏற்பாடா? பிளட் குடுக்க எனக்கு வயசாயிடுச்சு. சுகர் டெஸ்ட் பண்ணுவாங்கன்னா சாப்பிடாம வரேன்."

"இது இங்கிலாந்து கொடி ஆன்ட்டி."

பர்வதம் ஆன்ட்டி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "ஃபுட்பால் மேட்ச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு பார்சல் கொண்டுவந்த பையன் ரத்தம் பற்றிக் கேட்டான். எதிர்வீட்டுக்காரர் நாயோடு போகும்போது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். நெய்னா முகம்மது பொறுமையாக எல்லோருக்கும் புனிதருடைய வரலாற்றைச் சொன்னார். ஒருவரும் டிராகனைத் தாண்டிக் காது கொடுக்கவில்லை.

சமையலறையில் அவர் பங்கு யார்க்ஷயர் புட்டிங், கறியோடு சாப்பிடும் இனிப்பில்லாத மாவுப் பண்டம். வீடியோவில் அது கிண்ணம் கிண்ணமாக உப்பி எழுந்தது. அவருடையது அடுப்புக்குள்ளேயே படுத்துவிட்டது. வெளியே எடுத்தபோது வறட்டி போல இருந்தது. சுலைகா அதை ஒரு நல்ல தட்டில் அடுக்கி மேஜையின் நடுவில் வைத்தாள். அதைச் சுற்றி நெய்ச்சோறு, தாளிச்சா, ஆட்டுக்கறி, இடியாப்பம், வட்டலப்பம். வறட்டிக்கு ராஜமரியாதை.

ஆறரைக்குக் கீத்தும் ஷீலாவும் வந்தார்கள். இந்த வீட்டில் மது கிடையாது என்று தெரிந்தவர்கள் ஆகையால் இஞ்சி பானம் நாலு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். கீத் கொடியைப் பார்த்துச் சிரித்தார். ஷீலா சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

சாப்பாடு ஆரம்பித்தது. கீத் புட்டிங்கில் ஒன்றை எடுத்துத் தாளிச்சாவில் முக்கி, "எங்கம்மா செஞ்சதும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அது பாராட்டா என்பது கடைசி வரை விளங்கவில்லை. நெய்னா முகம்மதுவின் சட்டைப்பையில் இரண்டு பக்கப் பேச்சு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைசி வரி: 'ஆகவே, நம் வீட்டுக்குத் திரும்புவோம்.' வட்டலப்பம் வந்ததும் எழுந்து வாசிப்பது என்று திட்டம்.

வட்டலப்பத்தைப் பரிமாறிக்கொண்டே சுலைகா கேட்டாள். "ஷீலா, ரிட்டயர் ஆனப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஊருக்கே திரும்பிப் போனீங்கல்ல? ஏன் இங்க வந்துட்டீங்க?"

கீத் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தக் கதை இப்ப எதுக்கு" என்றார்.

"கேட்டா சொல்லணும்" என்றார் ஷீலா. அவர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பதினாலு மாசம் இருந்தோம். பிறந்த தெருவுக்கு அடுத்த தெரு. ஆனா ஒருத்தருக்கும் எங்களைத் தெரியலை. கடையில நான் வாயைத் திறந்தா, அமெரிக்காவுல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. எங்களோட பிரியமாப் பேசினது பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்திதான். பங்களாதேஷ்காரி. ரெண்டு குழந்தை. நாங்க குடிவந்த முதல் வாரமே ஒரு தட்டு சமோசா கொண்டுவந்தா. அப்புறம் ஏப்ரல் வந்தது. எங்கப்பாவோட பழைய கொடி ஒண்ணு பெட்டியில கிடந்தது. அவர் ஒவ்வொரு வருஷமும் அதைத் தூக்கிட்டு சர்ச்சுக்கு ஊர்வலம் போவார். அவர் ஞாபகமா நான் மாடி ஜன்னல்ல அதைத் தொங்க விட்டேன். மறுநாள் அந்தக் குழந்தைங்க விளையாட வரலை. அதுக்கு மறுநாள் என்னைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிட்டா. மூணாம் நாள்தான் எனக்கு உறைச்சது."

ஷீலா தண்ணீர் குடித்தார்.

"கொடியை எடுத்துட்டு அவ வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திரைச்சீலை அசைஞ்சது. கதவு திறக்கலை. அவ மேல எனக்குக் கோபமே இல்லை. அவ பயந்தது என்னைப் பார்த்து இல்ல. எனக்கு முன்னாடி அதே கொடியைத் தூக்கிட்டு அவ தெருவுல கத்திட்டுப் போனவங்களைப் பார்த்து. ஆனா மூடின கதவுக்கு முன்னாடி நின்னது நான்தானே? எங்கப்பாவோட கொடியை யாரோ என் கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. எப்பப் பிடுங்கினாங்கன்னுகூட எனக்குத் தெரியலை. நான் டெக்சாஸ்ல இருந்திருக்கேன்."

 வெளியே கொடி காற்றில் படபடத்தது உள்ளே கேட்டது.

நெய்னா முகம்மது எழுந்தார். பேச்சை வாசிக்கத்தான் எழுந்தார். கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

"கதவுக்கு உள்ள இருந்தது நாங்கதான் ஷீலா" என்றார். "உங்க ஊர் இல்ல. குராய்டன். ஒரு கால்பந்து சீசன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் பூரா அந்தக் கொடி. ஒருநாள் வந்து பெல் அடிச்சாங்க. நாங்க லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருந்தோம். நதா அழக் கூடாதுன்னு சுலைகா வாயைப் பொத்தியிருந்தா. காலையில பார்த்தா வாசல்ல ஒரு டப்பா. திறக்கவே இல்லை. அப்படியே குப்பையில போட்டேன்."

"உள்ள என்ன இருந்தது?" என்று கேட்டார் கீத்.

"தெரியாது. கேக்கா இருக்கும். வேற ஏதாவதா இருக்கும். அந்த அம்மாவ அதுக்கப்புறம் எதிர்ல பாக்குறப்பல்லாம் செல்போனைப் பாத்துக்கிட்டே போயிடுவேன்."

எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற நதா, மெல்ல, "ஏன் வாப்பா திறக்கல?" என்று தமிழில் கேட்டாள்.

நெய்னா முகம்மது வட்டலப்பத் தட்டை நகர்த்தி வைத்தார். ஷீலா கையை நீட்டி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். கீத் தொண்டையைச் செருமினார்.

"உங்க திருநாள் உங்களுக்கே தெரியாதான்னு நீங்க வேலியில நின்னு கேட்டீங்க. அந்த நாள் எங்க மாமனாருக்கு முக்கியம். எனக்கு நனைஞ்ச சாக்ஸ். இனிமே வர்றவங்களுக்கு எப்படியோ தெரியாது. உங்க நாகூர்ல கொடி ஏத்தினா சோறு போடுவாங்கன்னு கறி வைக்கும்போது சுலைகா சொன்னா. அந்த யோசனை எங்க ஆளுங்க யாருக்கும் வரலை, பாருங்க. வந்திருந்தா அந்தப் பொண்ணு கதவைத் திறந்திருப்பா." பிறகு தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் கறி இருக்குமா?"

அவர்கள் போகும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. நெய்னா முகம்மது ஏணியில் ஏறிக் கொடியை அவிழ்த்தார். ஷீலா கீழே நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை நாலாக மடித்தார்கள். "அடுத்த வருஷம் எங்க வீட்ல. சமையல் சுலைகா" என்று சொல்லிவிட்டுக் கீத் மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.

பாத்திரம் தேய்க்கும்போது நெய்னா முகம்மதுவின் மனம் லேசாக இருந்தது. அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்திருந்தார். அந்த ஊருக்குத் திரும்பிப் போனால் ஷீலா மாதிரி அங்கே தன்னையும் ஒருவருக்கும் தெரியாது. வேண்டாம். அந்த முடிவை வீணாக்கவும் அவருக்கு மனமில்லை. செய்கிற தியாகம் மனைவிக்குத் தெரியாவிட்டால் அது என்ன தியாகம்?

"சுலைகா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சு. பெரிய வாய்ப்பு. உனக்காக, நதாவுக்காக, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ரெடிங் வேலையா?"

கையில் இருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"குடும்பத்தோட போறவங்கன்னா பொஞ்சாதிக்கும் ஒரு காப்பி அனுப்புவாங்க மச்சான். உங்களுக்கு வந்த அன்னைக்கே எனக்கும் வந்துருச்சு."

"அப்ப... ஷீலாகிட்ட நீ அதைக் கேட்டது?"

"அவங்க அந்தக் கதைய எனக்குப் போன வருஷமே சொல்லிட்டாங்க. நீங்க நேர்ல கேக்கட்டுமேன்னுதான்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

சுலைகா குழாயை மூடினாள். அவள் முகத்தில் கேலி இல்லை. "நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். தினம் காலையில டீ குடிக்கிறப்ப இன்னைக்குச் சொல்வாரு, இன்னைக்குச் சொல்வாருன்னு பாத்தேன். நீங்க கொடி வாங்குனீங்க. புட்டிங் செஞ்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மட்டும் உங்களுக்குத் தோணல." கை துடைத்த துணியை மடித்துப் போட்டாள். "கேட்டிருந்தா வந்திருப்பேன் மச்சான். நீங்க இங்க ஆள் இல்லாம தவிக்கிறது எனக்குத் தெரியாதா? அங்க எனக்கென்ன மருந்துக்கடையா இல்ல? இப்ப எனக்குப் பயமும் இல்ல. பெல் அடிச்சா திறப்பேன்."

 இவளைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று நெய்னா முகம்மதுவுக்கு மனம் உருகியது. உருகிய மனதில் ரயில் ஓடியது. மழை பெய்தது. தியாகம் அந்த மழையில் கரைந்தது.

"நிஜமாவா சொல்றே? வந்திருப்பியா?" ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "அப்ப இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல சுலைகா! எக்கச்சக்கமா டைம் இருக்கு. இங்க பாரு, பதில் சொல்லக் கடைசித் தேதி ஜூலை நாலு!"

சுலைகா எட்டிப் பார்த்தாள். திரையில் 04/07 என்று இருந்தது.

"அது ஏப்ரல் ஏழு மச்சான். இது அமெரிக்கா, இங்க மாசம்தான் முன்னாடி வரும்."